வண்டி சூடு ஆறுகிற நேரம்

காலை ஆறு மணிக்கு எம்.ரெட்டியபட்டி பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். கையில் ஒரு ஒயர் கூடை. அதில் இட்லி, தக்காளிச் சட்னி, ஒரு பாட்டில் நல்ல தண்ணீர், ஒரு துண்டு. அருப்புக்கோட்டைக்குப் போகிற டவுன் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஏறச் சொன்னார். நான் தலையாட்டிவிட்டு நின்ற இடத்திலேயே நின்றேன். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ்ஸை ஒருத்தி வேண்டாம் என்று சொன்னதை அவர் அதுவரை பார்த்திருக்க மாட்டார். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே விசில் கொடுத்தார்.

எனக்கு வேறு வண்டி வரவேண்டியிருந்தது. அது கால் மணி நேரம் கழித்துப் பரளச்சிப் பக்கமிருந்து வந்தது. பன்னிரண்டு சக்கரம், பச்சை முகப்பு, முகப்பில் எலுமிச்சம்பழமும் மிளகாயும். ஓட்டி வந்தவர் என் வீட்டுக்காரர். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவர் ஓட்டுகிற லாரியில் நான் ஏறிப் பயணம் போனது அன்றைக்குத்தான் முதல் தடவை. மூன்று படி வைத்து ஏற வேண்டும். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதல் படியில் கால் வைத்தேன். மேலிருந்து கை நீட்டினார். பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் நானும் கொஞ்சம் மெதுவாக ஏறினேன்.

எங்கே போகிறோம் என்று சொல்லிவிடுகிறேன். சுற்றுலா இல்லை. அருப்புக்கோட்டையில் ஒரு பட்டறை. லாரியின் ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் பண்ணுகிற வேலை. முந்தின நாள் ராத்திரி, வண்டியை விட்டு வர முடியாமல் பரளச்சியிலேயே படுத்துக்கொண்டவர் போனில், "வேலை நாள் பூரா இழுக்கும். சும்மாதான் உக்காந்திருப்பேன். வாரியா?" என்றார். வாரியா என்ற அந்த ஒரு சொல்லுக்கு, தைக்கக் கிடந்த ஏழெட்டு ஜாக்கெட்டுகளையும் ஓரமாகத் தள்ளிவிட்டு மெஷினுக்கு உறை போட்டுவிட்டேன்.

அவர் பெயர் கருப்பசாமி. பெயர் சொல்ல எனக்குக் கூச்சமில்லை, எழுதத்தானே செய்கிறேன். லாரி சொந்தம் இல்லை, முதலாளி அருப்புக்கோட்டையில் இருக்கிறார். எங்கள் பக்கத்துச் சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டு எடுக்கிற கரியைப் பரளச்சியில் ஏற்றிக்கொண்டு கர்நாடகம், ஆந்திரா என்று போவார். திரும்பும்போது கோழித்தீவனத்துக்கு மக்காச்சோளம். மாதத்தில் ஒரு ராத்திரி வீட்டில் தங்கினால் அது எனக்குத் தீபாவளி. மகள் மதுரையில் காலேஜ் ஹாஸ்டலில் இருக்கிறாள். ஆக வீட்டில் நானும் தையல் மெஷினும்தான்.

முன்பெல்லாம் கரி ஏற்றிக்கொண்டு எங்கள் ஊரைத் தாண்டுகிறபோது வண்டியை ஓரங்கட்டிவிட்டு வீட்டுக்குள் வருவார், சாப்பிடுவார், கொஞ்ச நேரம் கண்ணசருவார். நாலு வருடத்துக்கு முன்னால் முதலாளி வண்டியில் ஜிபிஎஸ் மாட்டினார். வண்டி எங்கே நின்றாலும் அவர் போனில் புள்ளியாகத் தெரியும். புள்ளி கொஞ்ச நேரம் அசையவில்லை என்றால் உடனே போன் வந்துவிடும். நல்லவேளையாக அதே வருடம் வண்டிக்குச் சூடாகிற வியாதியும் வந்தது. என் வாசலுக்கு நேரே வரும்போது சரியாகச் சூடாகிவிடும். சூடான இஞ்சினை ஓட்டு என்று எந்த முதலாளியும் சொல்ல முடியாது. ஆறுவதற்கு ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரம்தான் நாலு வருடமாக எங்கள் குடும்பம். அவர் சாப்பிடுவார், நான் எதிரே உட்கார்ந்து மகளைப் பற்றிச் சொல்லுவேன், நடுவில் எழுந்துபோய் அவர் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவார்.

போன நடையில் மலைப்பாதையில் ஏறும்போது இஞ்சின் கொதித்து நடுவழியில் நின்றுவிட்டது. சரக்கு ஒரு நாள் தாமதம். முதலாளி இரண்டே வாக்கியம்தான் பேசினாராம். ரேடியேட்டரை முழுசாக வேலை பார்த்துக் கொண்டுவா. அதற்குப் பிறகும் சூடானால் வண்டியை உடைக்கக் கொடுத்துவிடுவேன், நீயும் வேறு இடம் பார்த்துக்கொள். ஐம்பதை நெருங்குகிற டிரைவருக்கு வேறு இடம் எங்கே இருக்கிறது? அதனால் வண்டி நன்றாக ஆகித்தான் தீரவேண்டும். நன்றாக ஆனால் என் ஒரு மணி நேரம் போய்விடும். இந்த இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டுதான் நான் அந்தச் சீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

இந்தச் சாலையில் நூறு தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன். பஸ் ஜன்னலில் இரண்டு பக்கமும் கருவேலம் மட்டும்தான் தெரியும், அதைப் பார்த்துப் பார்த்துத் தூக்கம்தான் வரும். லாரியின் உயரத்தில் உட்கார்ந்தால் கருவேலத்துக்கு மேலாகப் பார்க்கலாம். அதற்குப் பின்னால் இவ்வளவு பெரிய வெளி இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கரிசல் காடு வெடித்துக் கிடந்தது. சில இடங்களில் பருத்தி, முழங்கால் உயரம் வந்து நின்றுவிட்ட கம்பு. தண்ணீரில்லாத கண்மாய் ஒன்றுக்குள் ஆடுகள் மேய்ந்தன. தூரத்தில் ஒற்றை ஒற்றையாகப் பனைகள். இதையெல்லாம் தினமும் பார்க்கிற மனிதர் வீட்டில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கேட்டதற்கு, இதில் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்றார்.

அருப்புக்கோட்டை எங்கள் ஊரிலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம். பாதி வழி போவதற்குள், பாரமே இல்லாத வண்டி, வெயிலும் ஏறாத நேரம், ஆனாலும் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கிற சின்ன வட்டத்தில் ஊசி மெல்ல மேலே ஏறத் தொடங்கியது. சிவப்புக் கோட்டுக்கு ஒரு நூல் கீழே வந்ததும் வண்டியை ஒரு வேப்பமரத்தடியில் ஒதுக்கினார். உடனே இஞ்சினை நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே ஓடவிட்டார். ஓடுகிற வரைக்கும்தான் உள்ளே தண்ணீர் சுற்றும், காற்றாடியும் சுற்றும், சட்டென்று நிறுத்தினால் இருக்கிற சூடு முழுவதும் இஞ்சின் தலையில் ஏறிவிடும் என்றார். பிறகு நிறுத்தினார். காடு அமைதியானது. முகப்புக்குள்ளிருந்து டிக் டிக் என்று இரும்பு ஆறுகிற சத்தம் மட்டும் கேட்டது.

ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. சூட்டில் திறந்தால் உள்ளே அடைபட்ட ஆவியும் வெந்நீரும் முகத்தில் பாயும். இது எனக்கு முன்பே தெரியும். அவர் வலது முழங்கையில் உள்ளங்கை அகலத்துக்கு வழுவழுவென்று ஒரு தழும்பு உண்டு. கல்யாணமான புதிதில் நான் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே தூங்குவேன்.

மரத்தடியில் உட்கார்ந்து இட்லியைப் பிரித்தோம். முதல் இட்லி வாய்க்குப் போவதற்குள் போன் அடித்தது. "சூடு மொதலாளி" என்றார். அவ்வளவுதான், வைத்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் வீட்டில் நான் நாலு வருடமாகக் கேட்டுவருகிற வசனம் அது.

கை துடைக்கத் துண்டு எடுக்க நான் மேலே ஏறினேன். கூடை சாய்ந்து, துண்டு சீட்டுக்குப் பின்னால் இருக்கிற படுக்கைக்கு அடியில் விழுந்திருந்தது. கையை விட்டுத் துழாவினால் ஒரு கேன் தட்டுப்பட்டது. இழுத்துப் பார்த்தேன். பச்சை லேபிள், கூலன்ட். ரேடியேட்டரில் தண்ணீரோடு கலந்து ஊற்றுகிற மருந்து. சீல் உடைக்கவில்லை, மேலே ஒரு விரல் கனத்துக்குக் கரித்தூசி. இது எதற்கு இங்கே கிடக்கிறது என்று கேட்டேன். முதலாளி எப்போதோ கொடுத்தது, கிடக்கட்டும் என்றார். சொல்லிவிட்டு, பரளச்சியில் ஆழ்துளைக் குழாயில் பிடித்துவந்த ஐந்து லிட்டர் கேனை எடுத்துப்போய், மூடியின் மேல் ஈரத்துணியைப் போட்டு மெல்லத் திருகி, அந்தத் தண்ணீரை ஊற்றினார். நான் அந்தப் பச்சை லேபிள் கேனை இருந்த இடத்திலேயே தள்ளிவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் தண்ணீர் இரண்டு சாதி. குழாயில் சில நாளைக்கு ஒரு தடவை வருவது நல்ல தண்ணீர். அது குடிக்க, சோறு பொங்க. ஆழ்துளைக் கிணற்றில் வருவது உப்புத் தண்ணீர். அது குளிக்க, துவைக்க, மாட்டுக்கு. நல்ல தண்ணீரை வேறு எதற்காவது ஊற்றினால் பார்க்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள். வண்டிக்குத் தண்ணீர் கேட்டு யார் வந்தாலும் உப்புத் தண்ணீர்க் குடத்தைத்தான் காட்டுவோம். முதன்முதலாக அவர் வண்டி வாசலில் கொதித்து நின்றபோது, பதறிப்போய் நல்ல தண்ணீர்க் குடத்தையே தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் தடுத்துவிட்டார். குடிக்கிற தண்ணீரை வண்டிக்கு ஊற்றக்கூடாது, உப்புத் தண்ணீரே போதும் என்றார். எவ்வளவு நல்ல மனிதர் என்று அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது.

எட்டரை மணிக்கு அருப்புக்கோட்டை. ஊருக்குள் நுழைகிறபோதே விசைத்தறிச் சத்தம் தெருவுக்குத் தெரு வந்து சேர்ந்துகொண்டது. பட்டறை ஊருக்கு வெளியே, லாரிகள் வரிசையாக வாய் பிளந்து நிற்கிற இடத்தில். எதிரே டீக்கடை, டீ பன்னிரண்டு ரூபாய், கிளாஸ் மட்டும் சின்னதாகிவிட்டது. பட்டறைக்காரர் பெயர் வெங்கடேசன், என்னைவிடப் பத்து வயது மூத்திருப்பார். வீட்டிலிருந்து போன் வந்தால் தெலுங்கு, எங்களைப் பார்த்தால் தமிழ், ரேடியேட்டரைப் பார்த்தால் கெட்ட வார்த்தை. நான் இருக்கிறேன் என்று தெரிந்ததும் மூன்றாவதை நிறுத்திக்கொண்டார். எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள்.

டிரைவர் உட்காருகிற முன்னறையை அப்படியே முன்பக்கமாகச் சாய்த்தார்கள். நான் சற்று முன்பு உட்கார்ந்திருந்த வீடு முழுவதும் குனிந்து தரையைப் பார்த்தது. அடியில் இருக்கிற குழாயைத் திறந்ததும் ரேடியேட்டரிலிருந்த தண்ணீர் துருப்பிடித்த நிறத்தில் வாளியில் இறங்கியது. மேலும் கீழும் ரப்பர்க் குழாய்களைக் கழற்றி, இரண்டு பேர் சேர்ந்து ரேடியேட்டரை வெளியே தூக்கினார்கள். முன்பக்கம் முழுவதும் கறுப்புக் கம்பளி போர்த்தியதுபோல் இருந்தது. வழியெல்லாம் பறக்கிற பஞ்சும், மூட்டையிலிருந்து உதிர்கிற கரித்தூளும், இஞ்சின் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து படிந்த கம்பளி. காற்று எந்த வழியாகப் போகும் என்று வெங்கடேசன் கேட்டார். பின்பக்கமிருந்து முன்பக்கமாகத் தண்ணீரைப் பீய்ச்சினார். முன்னாலிருந்து அடித்தால் அழுக்கு இன்னும் உள்ளேதான் போகுமாம், வேகமாக அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடுமாம். குழந்தைக்குத் தலை குளிப்பாட்டுவது மாதிரிப் பொறுமையாக அடித்தார். கம்பளி துண்டு துண்டாக உரிந்து விழுந்தது.

இது வெளி அழுக்குதான், இதற்காக மட்டும் இஞ்சின் இப்படிக் கொதிக்காது என்றார். பிறகு மேல்தொட்டியை ஈயம் உருக்கிப் பிரித்தார். உள்ளே வரிசையாகச் சின்னச் சின்னத் துளைகள், தண்ணீர் இறங்குகிற குழாய்களின் வாய்கள். பாதிக்குமேல் அடைத்துக் கிடந்தன. விரலால் சுரண்டி எனக்கும் காட்டினார். வெள்ளைப் பொருக்கு. எனக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் வீட்டு உப்புத் தண்ணீர்க் குடத்தின் கழுத்தில், குளியலறைத் தரையில், தினமும் நான் செங்கல் வைத்துத் தேய்க்கிற அதே பொருக்கு.

"இது எந்த ஊருத் தண்ணி?" என்று கேட்டார் வெங்கடேசன்.

"எங்க வீட்டுத் தண்ணி" என்றேன் நான்.

அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். இருபத்தைந்து வருடம் வண்டி ஓட்டுகிறவருக்கு உப்புத் தண்ணீர் ரேடியேட்டரை அடைக்கும் என்று தெரியாதா, கூலன்ட் என்ன ஆயிற்று, முதலாளி வாங்கிக் கொடுத்ததாகச் சொன்னாரே என்றார். வெங்கடேசன் குனிந்து இஞ்சின் பக்கம் எதையோ திறந்து பார்த்துவிட்டு, தெர்மோஸ்டாட்டையும் காணோமே என்றார். இஞ்சின் சூட்டுக்குத் தக்கபடி தண்ணீரைத் திறந்தும் மூடியும் விடுகிற சின்ன வால்வு அது. சூடாகிறது என்றால் அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுகிற பழக்கம் நிறைய டிரைவர்களுக்கு உண்டு, அதனால் சூடு குறையாது, கூடத்தான் செய்யும் என்று சொல்லிக்கொண்டே புதிது ஒன்றை எடுத்து வைத்தார்.

"இன்னும் ஒரு மாசம் இப்பிடி ஓட்டிருந்தா ஹெட்டு வெடிச்சிருக்கும். மலையில எறங்கும்போது நடந்திருந்தா பிரேக்குக்குக் காத்தும் வராது, வண்டிய நிறுத்த ஏலாது" என்றார். அதை ஏதோ டயர் பஞ்சர் பற்றிச் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னார்.

வெங்கடேசனின் ஆட்கள் நீளமான தட்டைக் கம்பியை ஒவ்வொரு குழாயாக விட்டு எடுக்கத் தொடங்கினார்கள். அது மதியம் தாண்டியும் இழுக்கிற வேலை. நாங்கள் சாப்பிடப் போனோம். எண்ணெய்ப் பரோட்டா. அவருக்குப் பிடிக்கும் என்பதால் அதையே சொன்னேன். நொறுக்கிப் போட்டுச் சால்னா ஊற்றி வைத்தார்கள். அவர் சாப்பிடவில்லை, பிசைந்துகொண்டே இருந்தார். நான் கேட்டேன். கேட்டுத்தானே ஆகவேண்டும்.

"தெரிஞ்சுதான் ஊத்துனேன்" என்றார். தட்டைப் பார்த்துக்கொண்டே மேலே சொன்னார்: "ஜிபிஎஸ்ஸு மாட்டுனதுல இருந்து சும்மா நிறுத்த முடியல. நின்னா உடனே கேப்பாரு. மொத தடவை நெசமாவே சூடாச்சு. அன்னைக்கு அவரு ஒண்ணும் கேக்கல. பெறகு, சூடாகட்டும்னு விட்டுட்டேன்."

கோபம் வந்தது. இந்த மனிதர் மலை இறக்கத்தில் கொதிக்கிற வண்டியோடு போய்க்கொண்டிருந்திருக்கிறார், நான் வீட்டில் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த உப்புத் தண்ணீரை என் கையாலேயே மொண்டு மொண்டு கொடுத்திருக்கிறேன். நிற்க நிற்க ஊற்றினோம், ஊற்ற ஊற்றச் சூடானது, சூடாகச் சூடாக நின்றது. கோபத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். சந்தோஷம். எனக்கு மட்டும்தான் அந்த ஒரு மணி நேரம் வேண்டியிருந்தது என்று நாலு வருடமாக நினைத்திருந்தேன். வாயைத் திறந்து ஒரு ஆசை வார்த்தை பேசத் தெரியாத மனிதர், ஒரு இஞ்சினையே கெடுத்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றிருக்கிறார். பரோட்டாக் கடையில் அழக்கூடாது என்று தண்ணீரைக் குடித்தேன்.

"மலையில உங்களுக்கு ஏதாச்சும் ஆகியிருந்தா, நான் அந்த ஒரு மணி நேரத்த வச்சு என்ன செய்ய?" என்று மட்டும் கேட்டேன். அவர் சாப்பிடத் தொடங்கினார்.

மூன்று மணிக்கு ரேடியேட்டர் திரும்ப ஏறியது. அதற்கு முன்பு காற்றடைத்துத் தொட்டித் தண்ணீரில் முக்கி எங்காவது குமிழி வருகிறதா என்று பார்த்தார்கள். வெடிப்பு விட்டிருந்த ரப்பர்க் குழாய்கள் மாறின. காற்றாடி பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து இறுக்கினார்கள். மூடியும் புதிது. படுக்கைக்கு அடியிலிருந்த பச்சைக் கேன் வெளியே வந்து, தூசி துடைக்கப்பட்டு, நாலு வருடம் கழித்துச் சீல் உடைந்தது. அது போதவில்லை, கடையில் இன்னும் வாங்கினார்கள். பாதி கூலன்ட், பாதி பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீர். கலந்து ஊற்றிவிட்டு, மூடி போடாமலே இஞ்சினை ஓடவிட்டார்கள். உள்ளே சிக்கிய காற்று குமிழ் குமிழாக வெளியே வந்தது. வெங்கடேசன் ரப்பர்க் குழாயைப் பிடித்துப் பிசைந்து பிசைந்து விட்டார். குமிழி நின்றதும் மட்டத்துக்கு ஊற்றி மூடினார்.

மிச்சக் கலவையை அதே பச்சைக் கேனில் நிரப்பி என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தார். இது எப்போதும் வண்டியிலேயே இருக்க வேண்டும், குறைந்தால் இதை மட்டும்தான் ஊற்ற வேண்டும், காலையில் இஞ்சின் ஆறி இருக்கும்போது மட்டம் பார்த்தால் போதும், வழியில் நிறுத்த வேண்டிய அவசியமே இருக்காது என்றார். கடைசி வாக்கியத்தை என்னைப் பார்த்துச் சொன்னார். நல்ல செய்தி சொல்கிற முகம் அவருக்கு.

நேராகப் பரளச்சிக்குப் போகாமல் திருச்சுழி வழியாகச் சுற்றிப் போங்கள், ஊசி ஏறினால் திரும்பி வாருங்கள் என்று வெங்கடேசன் சொல்லியிருந்தார். அதனால் எனக்குத் திருச்சுழிச் சாலையும் கிடைத்தது. நாலு மணி வெயில் கண்ணாடி முழுவதும் நிறைந்திருந்தது. நான் காட்டைப் பார்க்கவில்லை, ஊசியைத்தான் பார்த்தேன். அது நடுவில் வந்து நின்றது, நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. கோயில் கோபுரம் தெரிந்தபோது கையெடுத்துக் கும்பிட்டேன். என்ன வேண்டுவது என்று தெரியவில்லை. ஏறிவிடாதே என்று வேண்டினால் வாய் மட்டும் சொல்லுகிறது. ஒரு நூல் ஏறேன் என்று கேட்க மனசு துடிக்கிறது, கேட்டால் அவர் பிழைப்பு போய்விடும். வெறுமனே கும்பிட்டு வைத்தேன்.

பிறகு எங்கள் ஊரைத் தாண்டிப் பரளச்சிக்குப் போனோம். வாசலைக் கடக்கும்போது நான் இறங்கவில்லை, இருக்கிற நேரத்தை எதற்கு விடுவது? கரிக் கிடங்கில் மூட்டைகள் தயாராக இருந்தன. ஏற்றுகிறவர்களின் கண்ணும் பல்லும் மட்டும்தான் வெள்ளை. கரி சலித்துக்கொண்டிருந்த ஒரு அக்கா வந்து, டிரைவர் வீட்டம்மாவா என்று விசாரித்தாள். அவளுடைய புருஷன் வெளிநாட்டில் இருக்கிறானாம், இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வருவானாம்.

"ஒங்க ஆளு அடிக்கடி வந்துட்டுப் போறாகளே, கொடுத்து வச்சவுக நீங்க" என்றாள்.

அவளிடம் நான் என்ன சொல்ல? ஆமாம் என்று சொன்னேன்.

பாரத்தோடு வண்டி கிளம்பியபோது சூரியன் விழுந்துகொண்டிருந்தது. மூட்டை இத்தனை உயரத்துக்கு ஏறினால் முன்பெல்லாம் எங்கள் ஊர் வருவதற்குள் ஊசி சிவப்பில் இருக்குமாம். இன்றைக்கு நடுவிலேயே நின்றது. அவர் அதைப் பார்த்துக்கொண்டு வந்தார், நானும் பார்த்துக்கொண்டு வந்தேன். நாள் முழுவதும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் சொல்லவேண்டியது ஏதோ மிச்சம் இருப்பதாகவே இருந்தது. ஊர் பெயர்ப் பலகை தெரிந்தபோது கூடையை எடுத்து மடியில் வைத்தேன். இஞ்சினை ஓடவிட்டபடியே என்னை இறக்கிவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் ஓரங்கட்டினார். சாவியைத் திருப்பி இஞ்சினையும் நிறுத்தினார்.

நான் இறங்கி வாசல் கதவைத் திறந்தேன். திரும்பிப் பார்த்தால் அவர் அந்தப் பச்சைக் கேனைத் தூக்கிக்கொண்டு வருகிறார். வாசற்படி ஓரத்தில் வைத்தார்.

"இது இங்கயே இருக்கட்டும். கொறைஞ்சா வந்து ஊத்திக்கிறேன்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. உப்புத் தண்ணீர் போய் இப்போது இது. ஆந்திரா வெயிலில் எங்காவது குழாய் வெடித்துத் தண்ணீர் கொட்டினால் ஊற்றுவதற்கு வண்டியில் ஒன்றும் இருக்காது. அதைத் தெரிந்தே வைக்கிறார். ஒரு நிமிடம் அந்தக் கேன் அங்கேயே இருக்கட்டும் என்று எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. பிறகு அதைத் தூக்கிக்கொண்டு போய், இந்தத் தடவை யார் கையும் பிடிக்காமல் மூன்று படியும் ஏறி, படுக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு இறங்கினேன்.

"அது வண்டியிலயே இருக்கட்டும்" என்றேன். "நீங்க வீட்டுக்கு வாரதுக்கு வண்டிக்கு ஒண்ணும் ஆக வேண்டாம்."

அவர் படியில் உட்கார்ந்தார். நான் உள்ளே போய் ஒரு சொம்பு நல்ல தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் குடிக்க வாயருகே கொண்டுபோனபோது போன் அடித்தது. புள்ளி அசையாமல் நிற்பதை முதலாளி பார்த்துவிட்டார். அமைதியான சாயங்காலம், எதிர்முனைக் குரல் எனக்கே கேட்டது. என்ன கருப்பசாமி, இவ்வளவு செலவழிச்சும் திரும்பச் சூடா?

அவர் சொம்பைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். "சூடு மொதலாளி" என்ற அந்த இரண்டு வார்த்தைக்காக நான் காத்திருந்தேன். வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

"இல்ல மொதலாளி. வண்டி நல்லாருக்கு, ஊசி நடுவுலதான் நிக்கி" என்றார். பிறகு மேலே சொன்னார்: "வீட்ல நிக்கேன். பொண்டாட்டியப் பாத்துட்டு வாரேன்."

முதலாளி குரலைத் தாழ்த்தி ஏதோ சொன்னார், அது எனக்குக் கேட்கவில்லை. சரி மொதலாளி என்று போனைச் சட்டைப்பைக்குள் போட்டார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சொம்பை எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"இன்னுங் கொஞ்சம் குடு" என்றார்.

நான் உள்ளே போய் நல்ல தண்ணீர்க் குடத்தைச் சாய்த்து, மெதுவாக மொண்டேன்.